கணினிக்கும் ஒரு பெரட்டு

விடியற்காலையில் எழுந்து எழுத உட்காருவது எனக்கு நெடுநாளையப் பழக்கம். அது தோட்டம் தந்த பழக்கம். பீடோங் வட்டாரத்து இரப்பர்த் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவன் நான். பொழுது புலருமுன்பே தண்டவாளத் துண்டில் அடிக்கும் மணியோசை காதில் விழும். அம்மா உளியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் புறப்பட்டுவிடுவார். அந்த ஓசைக்கு விழித்துப் பழகிய கண்கள், ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்றுச் சுங்கைப் பட்டாணியில் குடியேறிய பின்னரும், ஐந்து மணிக்கு மேல் மூடிக்கிடக்க மறுக்கின்றன.

ஆகவே, என் கணினி என்னைக் காக்கவைக்கத் தொடங்கியபோது எனக்கு உண்டான எரிச்சலை அன்பர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அது 2014இல் வாங்கிய மேசைக் கணினி. முதல் சில ஆண்டுகளில், பொத்தானை அழுத்திவிட்டு முகம் கழுவி வருவதற்குள் ஆயத்தமாகி நிற்கும். 2023ஆம் ஆண்டு மழைக்காலத்திலோ, நீரைக் கொதிக்கவைத்து, தேநீர் கலந்து, குடித்து முடித்து, குவளையைக் கழுவிக் கவிழ்த்த பின்பும் திரையில் அந்தச் சிறு வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. எழுத நினைத்த முதல் வாக்கியம் அதற்குள் மறந்துபோகும்.

"புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் அப்பா" என்றான் மகன். பட்டணத்துக் கடையொன்றில் கேட்டேன். அங்கிருந்த இளைஞர் பெட்டியைத் திறந்தும் பார்க்கவில்லை. "எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி போட்டுக் கொடுத்துவிடலாம் சார், ஒரே நாள் வேலை" என்றார். 'அழித்துவிட்டு' என்ற சொல்லை அவர் எவ்வளவு எளிதாகச் சொன்னார்! நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பிவிட்டேன்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது என்ன என்பதை நான் சொல்லியாக வேண்டும். 1994 முதல் நான் சேர்த்துவந்த தோட்டச் சொற்களின் தொகுப்பு அதில் இருந்தது. பீடோங், குரூண், கோல கெட்டில், பாடாங் செராய், லூனாஸ், கூலிம் என்று கெடா மாநிலத்துத் தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்களிடமும், வெளிக்காட்டு வேலை செய்தவர்களிடமும், ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட கிழவியரிடமும் கேட்டு எழுதியவை; ஏறத்தாழ 1,100 சொற்கள். நெரை, தண்டல், கிராணி, செக்ரோல் என்பன போன்றவை. ஒவ்வொன்றுக்கும் பொருளும், சொன்னவர் வாயில் வந்தபடியே ஒரு வாக்கியமும் உண்டு. இந்தத் தோட்டங்களில் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்டன. எனக்குச் சொன்னவர்களுள் பெரும்பாலோர் இப்பொழுது இல்லை. குறிப்பேடுகளைக் கறையான் அரித்துவிட்டது. எப்போதோ எடுத்துவைத்த படிகள் நெகிழ்வட்டுகளில் இருந்தன. அவற்றைப் படிக்கும் பொறி என் வீட்டில் இல்லை. ஆக, இருந்தது அந்த ஒரே படிதான். மாணவர்க்கு 'ஒன்றுக்கு இரண்டாக எழுதி வை' என்று வாழ்நாளெல்லாம் சொன்னவன் செய்த காரியம் இது.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தை எத்தனையோ வகுப்புகளில் நடத்தியிருக்கிறேன். நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பது தகாது என்பதைக் கணினிக்கும் பொருத்திப் பார்க்க எண்ணினேன். கையில் கடிகாரமும் ஒரு தாளுமாக உட்கார்ந்து, தொடக்கத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து அளந்தேன். பொத்தானை அழுத்தியதிலிருந்து தயாரிப்பாளரின் சின்னம் தோன்றும் வரை 12 வினாடி. சின்னத்திலிருந்து கடவுச்சொல் கேட்கும் வரை 2 நிமிடம் 40 வினாடி. கடவுச்சொல்லுக்குப் பின் ஓர் எழுத்தைத் தட்டெழுத முடிகின்ற வரை 6 நிமிடம் 10 வினாடி. கூட்டினால் ஒன்பது நிமிடம்!

இம்மூன்று பகுதிகளிலும் உள்ளே நடப்பது என்ன என்பதைப் புரிந்துகொள்ள எனக்குத் துணைசெய்தது, என் தொகுப்பிலிருந்த 'பெரட்டு' என்ற சொல்லே. 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு அது என்பர். விடியலில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, இன்னாருக்கு இன்ன நெரை என்று வேலை பகிரும் நிகழ்ச்சி அது. கணினியும் ஒவ்வொரு நாளும் பெரட்டு நடத்துகிறது. மின்சாரம் பாய்ந்தவுடன், தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறு நிரல் விழித்தெழுந்து, நினைவகம் உண்டா, விசைப்பலகை உண்டா, வட்டு உண்டா என்று பெயர் கூப்பிடுகிறது. அனைவரும் 'உள்ளேன்' என்ற பிறகு, வட்டிலிருந்து இயக்கமுறைமையை எடுத்து நினைவகத்தில் ஏற்றும் வேலை தொடங்குகிறது. இது இரண்டாம் பகுதி. மூன்றாவதில், நாம் நிறுவிய மென்பொருள்களுள் 'நானும் தொடக்கத்திலேயே வருவேன்' என்று பெயர் கொடுத்து வைத்திருப்பவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன.

முதல் பகுதி 12 வினாடியில் முடிந்ததால் தாய்ப்பலகையின் மேல் ஐயம் இல்லை. மூன்றாம் பகுதியை ஆராய்ந்தேன். தொடக்கத்தில் தாமாக வருவன எவை என்று காட்டும் பட்டியல் இயக்கமுறைமையிலேயே இருக்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் தோன்றும் பலகணியில் அதனைக் காணலாம். பதினேழு பெயர்கள்! அவற்றுள் ஒன்று, பல ஆண்டுகளுக்கு முன்பே உறவினருக்குக் கொடுத்துவிட்ட அச்சுப்பொறிக்குரியது. ஆள் தோட்டத்தை விட்டுப் போன பின்பும் செக்ரோலில் பெயரை வைத்திருந்து சம்பளம் எழுதிய கிராணிகளைப் பற்றிப் பெரியவர்கள் கதைகதையாகச் சொல்வார்கள். அந்த நினைவு வந்தது. நச்சுநிரல் காப்பு, தமிழ் உள்ளீடு முதலிய ஐந்தை மட்டும் விட்டு ஏனையவற்றை நிறுத்தினேன். எதையும் அழிக்கவில்லை, தாமாக வரவேண்டாம் என்றுதான் சொன்னேன். மறுநாள் ஆறு நிமிடம் நாலரை நிமிடமாகக் குறைந்தது.

மகிழ்ச்சிதான். ஆயினும் அது நோயின் வேர் அன்று என்பதை அதே பலகணி காட்டியது. வேலை ஏதும் கொடுக்காத நேரத்திலும் வட்டின் உழைப்பு 100 விழுக்காடு என்றே நின்றது.

அந்த வாரம் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். பால் மரம் வெட்டிய தாயின் மகள். பினாங்கு ஆலையொன்றில் வன்தட்டு உறுப்புகளைச் சோதிக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவள். பாயான் லெப்பாசில் 1972இல் இன்டெல் நிறுவனம் ஆலை தொடங்கியதும், 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டதும், 1996இல் கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா அமைந்ததும் பள்ளிப் பாடநூலில் சில வரிகளாக முடிந்துவிடலாம். எங்களுக்கோ அவை, இருட்டில் லயத்து முனையில் வந்து நின்ற ஆலைப் பேருந்துகள். தாய்மார் பெரட்டுக்குப் போன அதே நேரத்தில் பெண்மக்கள் அந்தப் பேருந்துகளில் ஏறினார்கள். உலகத்தின் கணினிகளுக்குள் இருக்கும் உறுப்புகளில் நம் பிள்ளைகளின் கைபட்டவை எத்தனை என்பதை யாரும் கணக்கெடுத்து எழுதியதாக நான் அறியேன்.

அவள் பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டாள். "ஐயா, உள்ளே 'டக், டக்' என்று ஓர் ஓசை வருகிறதே, கேட்டீர்களா?" என்றாள். மழை ஓசையில் நான் அதைக் கவனித்ததில்லை. பின்னர் அவள் விளக்கியது இது: பழைய வகை வன்தட்டில் நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் தட்டும், அதன்மேல் அசைந்து படிக்கும் ஒரு முனையும் இருக்கின்றன. வேண்டிய இடத்துக்கு முனை நகர வேண்டும். பிறகு அந்த இடம் சுழன்று வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். இப்படிச் சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளை ஒரு வினாடிக்கு நூறு முறை படிப்பதே அதற்கு அரிது. கணினி தொடங்கும்போதோ இத்தகைய துண்டுகள் ஆயிரக்கணக்கில் வேண்டும். நல்ல நிலையிலிருக்கும் வட்டுக்கே இது சுமை. பழுதுபட்ட இடம் குறுக்கிட்டால் முனை அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயலும். அந்த முயற்சியில்தான் நிமிடங்கள் கரைகின்றன.

வட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பதிவேடு ஒன்று உண்டு என்பதையும் அன்றுதான் அறிந்தேன். அதனைப் படிக்கும் சிறு மென்பொருளை அவள் இயக்கினாள். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை தோன்றியது. படிக்க இயலாமல் காத்திருக்கும் பகுதிகள் என்ற வரிக்கு நேரே ஓர் எண் இருந்தது. அவள் முகம் மாறியது.

"ஐயா, இனிமேல் இதனைத் தொடங்கித் தொடங்கி அளந்து பார்க்காதீர்கள்."

"ஏனம்மா?"

"ஒவ்வொரு தொடக்கமும் இதற்கு ஒரு மலை ஏற்றம். எந்த நாளில் அப்படியே நின்றுவிடும் என்று சொல்ல முடியாது. முதலில் உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிடுவோம்."

அந்தச் சில நாளில் நான் கடிகாரமும் கையுமாக எத்தனை முறை அதனைத் தொடங்கினேன் என்று எண்ணிப் பார்த்தேன். பதினொரு முறை. சோம்பேறி என்று நான் திட்டிய பொறி நோயாளி என்று தெரிந்தபோது உண்டான கலக்கம் சிறிதன்று. தோட்டத்திலும் இப்படி நடந்ததுண்டு. பெரட்டுக்குப் பிந்தி வந்த பெண்ணைத் தண்டல் பழித்து விரட்டியதையும், அவள் காய்ச்சலோடு மரம் வெட்டியதையும் என் அம்மா சொல்லியிருக்கிறார்.

வன்தட்டைக் கழற்றி, அவளுடைய மடிக்கணினியோடு கம்பியால் இணைத்து, என் எழுத்துகள் இருந்த கோப்புகளை மட்டும் முதலில் படியெடுத்தாள். பெரிய படங்களும் பாட்டுகளும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதன்மையானதை முதலில் எடுப்பதே இதில் முறை என்றாள். இரவு பதினொரு மணிக்கு அவள் மீண்டும் வருவதாகக் கூறிச் சென்றாள். நான் விழித்திருந்து முன்னேறும் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொற்களை முதலெழுத்து வாரியாகத் தனித்தனிக் கோப்புகளில் வைத்திருந்தேன். உயிரெழுத்துகள் வந்தன. க, ச, த, ந, ப வந்தன. 'ம' வரவில்லை. பிறகு ய, வ முதலியன வந்துவிட்டன. மறுநாள் அவள் மூன்று விதமாக முயன்றாள். 'ம' வரவே இல்லை. 83 சொற்கள்.

எஞ்சியது எளிய வேலை. சுழலும் உறுப்பு எதுவும் இல்லாத திண்மநிலை வட்டு ஒன்றை வாங்கிப் பொருத்தினோம். இருநூறு ரிங்கிட்டுக்கும் குறைவாகவே செலவாயிற்று. இயக்கமுறைமையைப் புதிதாக நிறுவிய பின் தொடக்கம் 21 வினாடியில் முடிந்தது. அதே பெட்டி, அதே தாய்ப்பலகை! அந்த இயக்கமுறைமைக்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று நின்றுவிட்டபடியால், இப்பொழுது இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு எழுதுவதற்கு மட்டுமே அதனைப் பயன்படுத்துகிறேன். படிகள் இப்போது மூன்று: ஒன்று கணினியில், ஒன்று வெளி வட்டில், ஒன்று மகன் வீட்டில்.

மீட்ட கோப்புகளிலும் ஒரு சிக்கல் இருந்தது. தமிழாசிரியர்கள் பலருக்கு நேர்ந்திருக்கக்கூடியதே. 1990களில் நான் தட்டெழுதியவை பழைய எழுத்துருவொன்றின் குறியேற்றத்தில் இருந்தன. அந்நாளில் ஒவ்வொரு மென்பொருளும் தமிழெழுத்துக்குத் தனக்கென ஓர் எண்முறை வைத்திருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாடு விசைப்பலகையையும் குறியேற்றத்தையும் ஒழுங்குபடுத்த முயன்றது. இன்று ஒருங்குறியே எங்கும் நிலைத்துவிட்டது. பழைய எழுத்துரு புதிய வட்டில் இல்லாமையால் என் சொற்கள் உரோமன் எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறித் தெரிந்தன. குறியேற்ற மாற்றியைக் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றி, ஒற்றெழுத்துகள் பிறழ்ந்த இடங்களைக் கையால் திருத்த இரண்டு மாதம் ஆயிற்று.

'ம' என்ற எழுத்துதான் மீதியிருந்தது. மங்கு, மண்டோர், மருந்தடி வேலை என்று என் நினைவிலிருந்து 38 சொற்களை எழுதிவிட்டேன். பொருள் நினைவிருக்கிறது; ஆனால் சொன்னவர்கள் வாயில் வந்த வாக்கியங்கள் நினைவில் இல்லை. அந்த வாக்கியங்களே தொகுப்பின் உயிர். அவற்றை நானே இயற்றி எழுதிவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. மனம் ஒப்பவில்லை.

எனக்குச் சொல் கொடுத்தவர்களுள் ஒரு மூதாட்டியார் பீடோங்கில் மகளோடு இருக்கிறார். எண்பத்தைந்து வயதைக் கடந்தவர். என்னை அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரமாயிற்று. 'மங்கு' என்றவுடன் சிரித்தார். மழை பெய்து மங்கில் தண்ணீர் நிறைந்த நாளில் பால் கெட்டுப்போய்ச் சம்பளம் குறைந்ததை அரைமணி நேரம் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். இதுவரை ஆறு முறை சென்றுவிட்டேன். மகளும் இரண்டு சொற்களை நினைவூட்டினார். இன்னும் பத்தொன்பது மீதி. காலை வேளையில்தான் அவருக்கு நினைவு தெளிவாக இருக்கிறதாம். ஆகவே அடுத்த சனிக்கிழமை ஏழு மணிக்கெல்லாம் அங்கே இருப்பதாகச் சொல்லி வந்திருக்கிறேன்.