குறை கேட்கும் செவி

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வைத்தியரிடம் என் அன்னையாரை அழைத்துச் சென்றிருந்தேன். வாயிலில், நோயாளர் தம் அபிப்பிராயத்தை எழுதியிடப் பெட்டியொன்று தொங்கிற்று. தோட்டத்தில் பால்மரம் வெட்டி மூப்பெய்திய அன்னைக்கோ எழுதத் தெரியாது. "குறை ஏதும் உண்டா, அம்மா?" என்று தாதி வினவியபோது, "ஒன்றுமில்லையம்மா" என்றார். திரும்பும் வழியில்தான், "எது காலை மாத்திரை, எது இரவு மாத்திரை என்று விளங்கவில்லை, தம்பி" என்றார்.

"அங்கேயே சொல்லியிருக்கலாமே?"

"பெரியவர்கள் கோபித்துக்கொண்டால்?"

டிரெஸ்ஸர் ஐயாவுக்கு அஞ்சி வளர்ந்த தோட்டத்து மௌனம் அது. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு நல்ல வைத்திய வசதியும் கோரினர். செவிகொடுப்பாரின்றிக் கிடந்த குறை கிளர்ச்சியாயிற்று. அரசு படையை ஏவிற்று, உயிர்கள் மாய்ந்தன.

மறுநாள் வைத்தியரிடம் நானே உரைத்தேன். அவர் சினந்தாரில்லை. அன்றே மருந்துறைகளில் சூரியனும் சந்திரனும் வரையச் செய்தார். மருந்துண்ணும் முறையை நோயாளரே திருப்பிச் சொல்லக் கேட்குமாறு தாதிக்குப் பணித்தார்.

அடுத்த மாதம் அன்னையார் எவரும் வினவாமலே, "இந்த மாத்திரை உண்டால் தலை சுற்றுகிறது, ஐயா" என்றார். வைத்தியர் மருந்தை மாற்றினார்.

தோழர்களே, பெட்டி தொங்கவிடுதல் எளிது. சொன்னால் பயனுண்டு எனக் கண்டவரே வாய் திறப்பர்.