படிக்காமலே ரெஃபரன்ஸ் போட்டவன் சொல்றேன்

ஃபைனல் இயர் பிராஜெக்ட் பண்ணப்போறீங்களா? என் கதையைக் கேட்டுட்டுப் போங்க.

எங்க வீடு சிந்தாதிரிப்பேட்டை. எங்க ஏரியாவைச் சுத்தித்தான் கூவம் வளைஞ்சு போகும். பறக்கும் ரயில் ஸ்டேஷன்ல இறங்கினாலே மூக்கு சொல்லிடும். அதனால கூவம் தண்ணியில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்பதையே டாபிக்காக எடுத்தோம். மே மாதம் சாம்பிள் எடுத்து, பழைய பேப்பர் ஒன்றோடு ஒப்பிட்டு, "ஆறு இன்னும் மோசமாகிவிட்டது" என்று முடிவும் எழுதியாச்சு. கடைசிப் பக்கத்தில் 22 ரெஃபரன்ஸ். செம கெத்து!

செகண்ட் ரிவ்யூவில் கைடு மேம் அந்தப் பேப்பரைக் காட்டி ஒரே கேள்விதான் கேட்டார்: "இவங்க எந்த மாசம் சாம்பிள் எடுத்தாங்க?"

நான் படிச்சது அப்ஸ்ட்ராக்ட் மட்டும். திறந்து பார்த்தால் நவம்பர். மழைத்தண்ணி கலந்து ஓடுற ஆறும், கோடையில் தேங்கி நிற்கிற சாக்கடையும் ஒண்ணா? வெப்பம் கூடினாலே ஆக்சிஜன் கரைவது குறையும். எங்க முடிவு அங்கேயே படுத்துடுச்சு.

மேம் சொன்ன பரிகாரம்: 22க்கும் குறிப்புரையோடு நூற்பட்டியல். ஒவ்வொரு பேப்பருக்கும் முழு விவரம். அதன் கீழே சுமார் 100 வார்த்தை. என்ன கேள்வி கேட்டார்கள்? எங்கே, எப்போது, எப்படி அளந்தார்கள்? என்ன கண்டார்கள்? எங்கே இடிக்கிறது? நம்ம வேலைக்கு எப்படி உதவும்? அப்ஸ்ட்ராக்டை காப்பி அடிச்சா இதில் பாதிக்குப் பதில் வராது. கடைசி இரண்டுக்கும் நாமதான் யோசிக்கணும்.

இது நம்ம ஊருக்குப் புதுசும் இல்லை. 1865லேயே ஜான் மர்டாக் என்ற ஸ்காட்லாந்து மிஷனரி, அச்சான தமிழ்ப் புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து, குறிப்புகளோடு ஒரு பட்டியலை இதே சென்னையில் வெளியிட்டார். அவர் குறிப்புகளைப் படிக்கும்போது எழுதியவர் மிஷனரி என்பதையும் மனசில் வச்சுக்கணும். நம்ம குறிப்புக்கும் அதே கதைதான். அதனால ஆசிரியர் சொன்னது எது, என் கருத்து எது என்று தனித்தனி வரியாக எழுதிப் பழகினேன்.

இரண்டு வாரம் தூக்கம் போச்சு. 22 பேப்பர் 13 ஆச்சு. கோடையில் அளந்த பேப்பர்களை மட்டும் வைத்து முடிவைத் திருத்தி எழுதினோம். "மோசமாகிவிட்டது" என்ற வரி போயே போச்சு. அதைச் சொல்ல எங்களிடம் ஆதாரம் இல்லை.

உங்க லிஸ்ட்டில் ஏழாவது பேப்பர் எது? அதை இன்னைக்கு ராத்திரியே திறந்து பாருங்க. ரிவ்யூவில் மேம் திறக்கிறதுக்கு முன்னாடி.