சாட்சி பிறழ்ந்த கதை

லஞ்ச வழக்குகளில் பல வருடம் அரசு வழக்கறிஞராக இருந்தேன். தோற்ற வழக்கைப் பற்றி யார் கேட்டாலும், "சாட்சி பிறழ்ந்துட்டார், என்ன செய்ய?" என்பேன். அதில் பாதி பொய்.

பொறி வைத்துப் பிடித்த வழக்கு வெளியிலிருந்து பார்க்கச் சுலபம். பினாப்தலின் பவுடர் தடவிய நோட்டை வாங்கியவர் விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் இளஞ்சிவப்பாகும். பத்திரிகைக்கு அது போதும், கோர்ட்டுக்குப் போதாது. லஞ்சம் கேட்டதையும் நிரூபிக்க வேண்டும். அதற்கு முதல் சாட்சி புகார்தாரர்தான்.

அப்படி ஒரு வழக்கில் புகார்தாரர், பட்டா மாறுதலுக்காகக் கிராம நிர்வாக அலுவலரிடம் அலைந்த கூலித் தொழிலாளி ஒருவர். வழக்கு விசாரணைக்கு வரவே வருடங்கள் ஆயின. வாய்தா கேட்பது எப்போதும் எதிரித் தரப்பு என்று ஊர் நினைக்கும். இதில் சில வாய்தாக்கள் என்னுடையவை. கட்டைப் பிரித்தே பார்க்கவில்லை என்று நீதிபதியிடம் சொல்ல முடியுமா? உடம்பு சரியில்லை என்றேன். அன்றைய கூலியை விட்டு வந்து வராந்தாவில் நின்றவரிடம், அடுத்த தேதிக்கு வரச் சொல்லிக் கான்ஸ்டபிளை அனுப்பினேன். எதிரியின் வக்கீல் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்ததையும் பார்த்தேன்.

கூண்டில் ஏறியதும், "அது வாங்கின கைமாத்தைத் திருப்பிக் கொடுத்த பணங்க" என்றார். பிறழ்சாட்சியாக அறிவிக்கக் கேட்டு நானே குறுக்கு விசாரணை செய்தேன். "பொய் சொல்கிறீர்கள் என்கிறேன்." "சரியல்ல." சடங்கு முடிந்தது. பணம் கொடுக்கையில் அவருடன் கூடப் போன அரசு ஊழியர் சாட்சியிடம், அறைக்குள் நடந்த பேச்சை வார்த்தை வார்த்தையாகக் கேட்டு வாங்கவில்லை. தேவையான ஆவணமெல்லாம் இருந்தும் மனு ஏன் மேசையிலேயே கிடந்தது என்று காட்டக்கூடிய பதிவேட்டை வரவழைக்கவில்லை.

விடுதலை. 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஆந்திரத்து ஜெயராஜ் வழக்கிலும் புகார்தாரர் பிறழ்ந்திருந்தார். பணம் கைப்பற்றியது மட்டும் போதாது என்று எதிரியை விடுவித்திருந்தார்கள். எனக்கு வசதியாகப் போயிற்று. சட்டமே அப்படி என்று சொல்லிக்கொண்டேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, 2022 டிசம்பரில், நீரஜ் தத்தா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தெளிவாக்கியது: புகார்தாரர் இறந்தாலும் பிறழ்ந்தாலும், லஞ்சம் கேட்டதை மற்ற சாட்சிகளாலும் சூழ்நிலைச் சான்றுகளாலும் நிரூபிக்கலாம். அரசுத் தரப்புக்குப் புது ஆயுதம் என்று ஜூனியர் ஒருவர் போனில் சந்தோஷப்பட்டார். புதிது என்ன இருக்கிறது? அந்தச் சாட்சியும் பதிவேடும் அன்றைக்கே எனக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தன.

அந்தக் கூலித் தொழிலாளி விலைபோய்விட்டார் என்று வக்கீல் சங்க அறையில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். போனாரா என்று எனக்குத் தெரியாது. அந்த அலுவலர் வேலைக்குத் திரும்பினார். பட்டா பெயர் மாறியதா என்று ஒருநாளும் நான் விசாரிக்கவில்லை.