கமலாவா, சாத்துக்குடியா?

காரைக்கால்னு சொன்னா பழத்துல மாம்பழம்தான். ஆனி மாசம் மாங்கனித் திருவிழா அன்னிக்கு மொட்டைமாடியிலேர்ந்து மாம்பழத்தை வீசுவாங்க, கீழ நிக்கிற கூட்டம் முந்தானை, துண்டு எல்லாத்தையும் விரிச்சுப் பிடிக்கும். அம்மையார் கதையே மாம்பழத்துலதான் ஆரம்பிக்குது. அப்படிப்பட்ட ஊர்ல உக்காந்துக்கிட்டு ஆரஞ்சைப் பத்தி எழுதறது கொஞ்சம் ஊர்த்துரோகம் மாதிரிதான் இருக்கு :-) ஆனா எங்க வீட்டுல ரெண்டு வருஷமா பழம்னா ஆரஞ்சு. காரணம் எங்க அப்பாயி.

அப்பாயிக்கு 84 வயசு. ரெண்டு வருஷம் முன்னாடி கொல்லைப்பக்கம் வழுக்கி விழுந்து இடுப்புல ஆபரேஷன். வீட்டுக்கு வந்தப்புறம் சாப்பாடே இறங்கல. பார்க்க வந்தவங்க எல்லாரும் நம்ம ஊர் வழக்கப்படி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு பை சாத்துக்குடி. அடுப்படி மூலையில சாத்துக்குடி மலையா குவிஞ்சு கிடந்துச்சு. அப்பாயி ஒண்ணைக்கூட தொடல. உரிச்சுத் தரேன்னா, "நான் என்ன கைப்புள்ளையாடா?"ன்னு முறைக்கும். அதுக்கு முட்டுவாதம் விரல்ல வேற உண்டு. கத்தி இல்லாம சாத்துக்குடி தோலை எடுக்க நம்மாலேயே முடியாது, அது எங்கேர்ந்து எடுக்கும்?

அப்புறம் ஒருநாள் மார்கழியில யாரோ கமலா ஆரஞ்சு கொண்டாந்தாங்க. நான் பக்கத்து ரூம்ல இருந்தேன். வாசனை வந்துச்சு. எட்டிப் பார்த்தா அப்பாயி தானே உரிச்சு, தானே நார் எடுத்து, ஒவ்வொரு சுளையா தின்னுக்கிட்டு இருக்கு. மூணு பழம்! அன்னிக்குத்தான் எனக்கு இந்த ஆரஞ்சுப் பைத்தியம் பிடிச்சுது. அதுக்கப்புறம் மார்க்கெட்டுல எந்த ரகத்தைப் பார்த்தாலும் அரை கிலோ வாங்கி வந்து அப்பாயிகிட்ட பரீட்சை வைக்கிறதே வேலை.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். நாம 'ஆரஞ்சு'ன்னு ஒரே பேர்ல கூப்பிடறது ரெண்டு வேற வேற பழம். தோல் தொளதொளன்னு சட்டை மாதிரி கழண்டு வர்றது மாண்டரின் வகை. கமலா, நாக்பூர், குடகு, கின்னோ எல்லாம் இந்தக் குடும்பம். தோல் சதையோட இறுக்கி ஒட்டிக்கிட்டு இருக்கறது ஸ்வீட் ஆரஞ்சு வகை. நம்ம சாத்துக்குடி, வெளிநாட்டு நேவல், வாலன்சியா எல்லாம் இந்தப் பக்கம். இந்த ரெண்டாவது வகையே பம்ப்ளிமாஸும் மாண்டரினும் கலந்து பிறந்த புள்ளைதான். மரபணுவைப் பிரிச்சுப் பார்த்து சொல்லியிருக்காங்க. 2018ல வந்த ஆராய்ச்சி ஒண்ணு, இந்த மொத்தக் குடும்பத்துக்கும் பூர்வீகம் இமயமலையோட தென்கிழக்கு அடிவாரம்னு (அசாம், வட பர்மா, யுன்னான் பக்கம்) சொல்லுது.

பம்ப்ளிமாஸ்னு சொன்னதும் ஞாபகம் வருது. இந்தப் பேரு டச்சுக்காரன் 'பொம்பெல்மூஸ்'லேர்ந்து வந்தது. பிரெஞ்சுக்காரன் 'பாம்ப்ளமூஸ்'னு சொல்றதும் அதே டச்சுச் சொல்தான். இங்கேர்ந்து இருபது கிலோமீட்டர்ல நாகப்பட்டினத்துல டச்சுக்காரன் இருந்தான், எங்க ஊர்ல 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரன் இருந்தான். ரெண்டு பேரும் போயிட்டான், பழத்தோட பேரு மட்டும் கொல்லையில நிக்குது. 'ஆரஞ்சு' கதை இன்னும் வேடிக்கை. நம்ம நாரத்தை இருக்கே, அதோட வேர்ச்சொல் சமஸ்கிருதத்துல நாரங்கமாகி, பாரசீகத்துல நாரங்க், அரபியில நாரஞ்ச்னு ஊர் ஊரா போயி, பிரெஞ்சுல 'ஒராஞ்ச்'னு ஆச்சுன்னு மொழியியல்காரங்க பலர் சொல்றாங்க. நம்மகிட்டேர்ந்து கிளம்பின சொல்லு கப்பல் ஏறி காரைக்காலுக்கே திரும்பி வந்திருக்கு!

சரி, பரீட்சைக்கு வருவோம்.

கமலான்னா எனக்கு கீழ்ப்பழனி மலைப் பழம்தான். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டத்துக்குள்ள ஊடுபயிரா நிக்கிற மரம். பார்க்க அழகே இருக்காது. பச்சையும் மஞ்சளுமா, தோல் சுருங்கி, அங்கங்க புள்ளி. ஆனா கட்டைவிரல் நகத்தைக் காம்புப்பக்கம் வச்சு ஒரு அழுத்து அழுத்தினா போதும், தோல் தானா வந்துடும். புளிப்பும் இனிப்பும் சரிசமமா இருக்கும். சுளையோட மேல்தோல் மெல்லிசு, பல்செட்டுக்கும் ஒத்துக்கும். எங்க வீட்டு நீதிபதி நூத்துக்கு நூறு போட்டது இதுக்குத்தான். கஷ்டம் என்னன்னா கிடைக்கறதில்ல. ஒரு காலத்துல அந்த மலை முழுக்க இருந்த தோட்டங்கள் நோயில அழிஞ்சு போச்சு. பசுமையாக்க நோய்னு ஒண்ணு, ட்ரிஸ்டெசான்னு ஒரு வைரஸ். முன்னது ஒரு பாக்டீரியா, சிட்ரஸ் சில்லிட்னு கொசு சைஸ் பூச்சி அதை மரத்துக்கு மரம் கொண்டு போகும். இலை திட்டுத்திட்டா மஞ்சளாகி, காய் கோணலாகி, மரமே மெல்ல மெல்ல செத்துடும். மருந்து கிடையாது. 2005ல அமெரிக்காவுல ஃபுளோரிடாவுக்குப் போயி அவன் தோட்டத்தையும் காலி பண்ணினது இதே நோய்தான். தடியன்குடிசையில வேளாண் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி நிலையம் ஒண்ணு இருக்கு. பழனி மலையில இந்தப் பழம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கறதே பெரிய விஷயம்.

குடகு ஆரஞ்சு கமலாவுக்கு அக்கா தங்கச்சி. அதுவும் அதே நோயில அடிபட்டதுதான். கிடைச்சா விடாதீங்க.

நாக்பூர் நம்ம மார்க்கெட்டுக்கு லாரி லாரியா வருது. கார்த்திகை மார்கழியில ஒரு வரத்து, மாசி பங்குனியில இன்னொண்ணு. ரெண்டாவது வரத்துதான் இனிப்பு ஜாஸ்தி, இது என் நாக்கோட தீர்ப்பு. உரிக்கிறது சுலபம். ஆனா உப்பினாப்ல இருக்கற பெரிய பழத்தை எடுக்காதீங்க. தோலுக்கும் சுளைக்கும் நடுவுல காத்துதான் இருக்கும், உள்ள சக்கையா இருக்கும். கையில தூக்கிப் பார்த்து கனமா இருக்கறதை எடுக்கணும். இது எல்லா ஆரஞ்சுக்கும் பொருந்தும்.

கின்னோ பஞ்சாப்லேர்ந்து வருது. பளபளன்னு மெழுகு பூசி, நெத்தியில ஸ்டிக்கர் ஒட்டி. 1915ல கலிபோர்னியாவுல ரெண்டு மாண்டரினைக் கலந்து உண்டாக்கி, 1935ல வெளியிட்ட ரகம். சாறு கொட்டும், இனிப்பும் குறைவில்ல. ஆனா கொட்டை! ஒரு பழத்துல இருபது எண்ணினேன். அப்பாயி ரெண்டு சுளை தின்னுட்டு, "இதைத் திங்கறதுக்கு சீத்தாப்பழமே தேவலாம்"னு தட்டைத் தள்ளிடுச்சு.

நேவல், வாலன்சியா எல்லாம் தென்னாப்பிரிக்கா, எகிப்துன்னு கப்பல்ல வர்றது. நேவலுக்கு அடியில தொப்புள் மாதிரி ஒரு குட்டிப் பழம் ஒட்டியிருக்கும், கொட்டையே கிடையாது. கொட்டை இல்லாததால உலகத்துல இருக்கற வாஷிங்டன் நேவல் மரம் எல்லாமே ஒட்டுக்கட்டி ஒட்டுக்கட்டி வந்ததுதான், ஆதியில பிரேசில்ல பாஹியாவுலேர்ந்து கிளம்பின வம்சம். கடிச்சுத் திங்க அருமை. ஜூஸ் போட்டு வச்சா மட்டும் அரைமணியில கசக்க ஆரம்பிக்கும். சதை நசுங்கினதும் அதுல இருக்கற ஒரு பொருள், சாறோட புளிப்புல பட்டு லிமோனின்ங்கற கசப்பா மாறிடும். போட்டா உடனே குடிச்சுடணும். கின்னோ ஜூஸுக்கும் இதே வியாதி உண்டு.

சாத்துக்குடி. பாவம் இதை எல்லாரும் ஆஸ்பத்திரிப் பழமாவே ஆக்கிட்டாங்க. புளிப்பே கிடையாது, அதனாலதான் காய்ச்சக்காரனுக்கு ஒத்துக்குது. வாசனை கம்மி. ஆனா சத்துன்னு பார்த்தா ஸ்வீட் ஆரஞ்சு வகையில 100 கிராமுக்கு 50 மில்லிகிராமை ஒட்டி வைட்டமின் சி, மாண்டரின் வகையில அதுல பாதிதான். கமலா ரசிகனான எனக்கு இது கொஞ்சம் வருத்தமான செய்தி.

நடுவுல ஒரு முக்கியமான விஷயம். வீட்டுல பெரியவங்க கொழுப்பு மாத்திரை, பிரஷர் மாத்திரை சாப்பிட்டா பம்ப்ளிமாஸ், கிரேப்ஃப்ரூட் ரெண்டையும் டாக்டரைக் கேக்காம குடுக்காதீங்க. சில மாத்திரைகளை உடம்பு கரைக்கிற வேலையை அந்தப் பழம் தடுத்துடும், மருந்து ரத்தத்துல ஏறிப்போகும். கமலா, சாத்துக்குடிக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆனா சிறுநீரகக் கோளாறு இருக்கறவங்களுக்கு பொட்டாசியம் கணக்கு உண்டு, அவங்க எந்த ஆரஞ்சானாலும் கேட்டுட்டுத்தான் சாப்பிடணும்.

இனி வளர்க்கற கதை. எங்க கொல்லையில தாத்தா வச்ச நாரத்தை மரம் ஒண்ணு இருந்துச்சு. வருஷா வருஷம் ரெண்டு ஜாடி உப்பு நாரத்தங்காய் அதுலேர்ந்துதான். 2018 நவம்பர்ல கஜா அடிச்ச ராத்திரி வேரோட சாய்ஞ்சுடுச்சு. அந்த இடம் வெறுமையா கிடக்கறதை அப்பாயியால தாங்க முடியல. "அங்க ஒரு கமலா வைடா"ன்னு நச்சரிப்பு. நான் விசாரிச்ச வரைக்கும் யாரும் நம்பிக்கையா சொல்லல. கமலா மலைப் பழம், நம்ம தென்னாட்டுல 500 மீட்டருக்கு மேல இருக்கற குளுமையில சுகமா இருக்கறது. இங்க கடல் மட்டத்துல, களிமண்ணுல, உப்புத் தண்ணியில? அதனால 2021 ஆடியில ஒட்டுச் சாத்துக்குடி வச்சோம்.

டெல்டாவுல வைக்கறவங்களுக்கு சில விஷயம். சிட்ரஸ் வேருக்கு ரெண்டு எதிரி: தேங்கின தண்ணி, உப்பு. ரெண்டும் எங்க ஊர்ல தாராளம். ஐப்பசி மழையில களிமண் ஒரு வாரம் தண்ணி வத்தாம நின்னா அடித்தண்டுல பிசின் வடிஞ்சு பட்டை அழுகும். அதனால குழிக்குள்ள வைக்காம, மணலும் எருவும் கலந்து ஒரு அடிக்கு மேல மேடு கட்டி, மேட்டு மேல வச்சோம். ஒட்டுப்போட்ட முடிச்சு மண்ணுக்கு மேல நல்லா தெரியணும். உப்புக்கு அடையாளம் இலை நுனி கருகறது. எங்க போர் தண்ணி கோடையில வாயில வச்சாலே கரிக்கும், அதனால சித்திரை வைகாசியில பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணிதான் ஊத்தறோம். ஆர்.ஓ. மெஷின் கழிவுத் தண்ணியை மிச்சம் பிடிக்கிறேன்னு ஊத்திடாதீங்க, அது உப்பைக் கூட்டிக் குடுக்கற தண்ணி. அடிவேர் என்ன ரகம்னு கேட்டு வாங்கறது நல்லது. ரங்கபூர் எலுமிச்சை வேர்னா உப்பைக் கொஞ்சம் தாங்கும்.

பக்கத்துத் தெரு அண்ணன் ஒருத்தர் வண்டியில வந்த நர்சரிக்காரன்கிட்ட 'கமலா ஒட்டு' வாங்கி நாலு வருஷம் வளர்த்தார். காய்ச்சது மொடமொடன்னு தோலோட ஜம்பேரி எலுமிச்சை. ஒட்டு எப்பவோ செத்து, அடிவேர் துளிர்த்து மரமாயிருக்கு. முடிச்சுக்குக் கீழ வர்ற துளிரை உடனுக்குடனே கிள்ளணும்னு அப்போதான் எங்க தெருவுக்கே தெரிஞ்சுது.

கொட்டை போட்டு வளர்க்கலாமான்னு கேப்பீங்க. கமலா கொட்டை ஒண்ணுலேர்ந்தே ரெண்டு மூணு நாத்து வரும், பெரும்பாலும் தாய் மாதிரியே இருக்கும். ஆனா முள்ளா வளரும், காய்க்க ஆறேழு வருஷம். 84 வயசு மனுஷிகிட்ட ஆறேழு வருஷம்னு சொல்ல எனக்கு நாக்கு வரல. ஒட்டுன்னா மூணு நாலு.

புழுவைப் பத்தி சொல்லணும். துளிர் இலையில காக்கா எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தா அது எச்சம் இல்ல, எலுமிச்சைப் பட்டாம்பூச்சியோட புழு. தொட்டா தலையிலேர்ந்து செவப்பா ரெண்டு கொம்பை நீட்டி நாத்தம் அடிக்கும். காலையில கையால பொறுக்கிப் போட்டாலே போதும். எங்க வீட்டுல அப்பாயி வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு வந்து நின்னு, "அதோ, அந்தக் கிளையில"ன்னு காட்டும், நான் பொறுக்கணும். ஆபரேஷனுக்கப்புறம் அது நடக்கப் பழகினதே இந்தப் புழு வேட்டையிலதான், பிசியோதெரபி ஆளு சொன்னதை எங்க கேட்டுச்சு!

இந்த வருஷம் மாசியில முதல் தடவையா உருப்படியா பூத்துச்சு. பதினொண்ணு பிஞ்சு பிடிச்சு, வெயில்ல ஏழு உதிர்ந்து, நாலு நிக்குது. புரட்டாசி வந்தும் கரும்பச்சையா இருக்கு, "இது எப்படா பழுக்கும்?"னு தினம் கேள்வி. மஞ்சளாகாது அப்பாயின்னு சொன்னா நம்பல. தோல் நிறம் மாற ராத்திரி குளிர் வேணும், நம்ம கடற்கரை ராத்திரிக்கு அந்தக் குளிர் ஏது? பச்சையாவே பழுக்கும். தோல்ல எண்ணெய்ப் பளபளப்பு வந்து, கனத்து, கொஞ்சம் மெதுவானா பறிக்கலாம். பறிச்சப்புறம் வாழைப்பழம் மாதிரி பழுக்கவும் பழுக்காது, மரத்துலயே முடிஞ்சாத்தான் உண்டு. ஐப்பசி கடைசியில ஒண்ணைப் பறிச்சுப் பார்க்கலாம்னு இருக்கோம்.

பிரச்சினை என்னன்னா, எங்க மண்ணு குடுக்கறது அது விரலுக்கு உரிக்க வராத பழம். நாலா வெட்டிக் குடுத்தா கைப்புள்ளைப் பேச்சு வரும். அதனால போன மாசம் இருபது இஞ்ச் தொட்டியில ஒரு ஒட்டுக் கமலாவும் வச்சாச்சு. தென்னங்கீத்து நிழல்ல, மழைத்தண்ணி பிடிச்சு ஊத்தி. பிழைச்சிருக்கு, ரெண்டு துளிர் விட்டிருக்கு.

தஞ்சாவூர், நாகை, திருவாரூர்ப் பக்கம் யாராவது தொட்டியிலயோ தரையிலயோ கமலா காய்க்க வச்சிருந்தா எத்தனை வருஷத்துல காய்ச்சுதுன்னு சொல்லுங்க. அப்பாயி தினம் கேக்குது.