கடல் தெரியணும்... ஆனா மேடா இருக்கணும்!

எங்கள் ஹாஸ்டலில் ஓடுகிறவர்கள் மொத்தம் நாலு பேர். மெஸ்ஸில் பூரி போடும் நாளில் ஓடுகிறவர்களையும் சேர்த்தால் இருநூறு தேறும். அந்தக் கணக்கு வேண்டாம். நாங்கள் நாலு பேரும் காலை அஞ்சு மணிக்கு எழுந்து, "யாரும்மா தொரத்துறாங்க?" என்ற வாட்ச்மேன் தாத்தாவின் தினசரி ஜோக்குக்கு ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டு, கேம்பஸுக்குள்ளேயே செக்குமாடு மாதிரி சுற்றுகிற ரகம்.

ஒரு வருஷம் சுற்றியாச்சு. லைப்ரரிக்குப் பின்னாடி இருக்கிற ஒவ்வொரு பள்ளமும் எங்களுக்குப் பேர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கம். இனி தாங்காது, ஒரு அரை மாரத்தான் ஓடியே தீருவது என்று முடிவு. அதுவும் ஊருக்குள் சிக்னல் சிக்னலாக நின்று ஓடுவது இல்லை... பக்கத்திலேயே கடல் வரணும்!

அரை மாரத்தான் என்றால் 21.0975 கிலோமீட்டர். அதென்ன கடைசியில் தொண்ணூற்றேழரை மீட்டர் கொசுறு என்று கேட்டால், பழியை லண்டன் மேல் போடுங்கள். 1908-ல் அங்கே நடந்த ஒலிம்பிக்கில் மாரத்தான் 42.195 கிலோமீட்டர் ஓடப்பட்டது. 1921-ல் அதையே உலகம் முழுக்க நிரந்தர அளவாக்கிவிட்டார்கள். அதில் பாதி, நம்ம தலையில்.

எந்த ஊர்? இங்கேதான் ஆரம்பித்தது பஞ்சாயத்து.

எங்கள் குரூப்பில் ஒருத்திக்கு 'மேப் மகாராணி' என்று பட்டம். எந்த ஊர்ப் பேரைச் சொன்னாலும் மொபைலில் ரூட்டை எடுத்து விரலால் தடவ ஆரம்பித்துவிடுவாள். இன்னொருத்தி 'நிதியமைச்சர்'. டீக்கடைக் கணக்கில் அம்பது பைசா உதைத்தாலும் தூங்க மாட்டாள். மூணாவது ஆள் விசாகப்பட்டினத்துக்காரி. அவள் முதல் நாளே "ஒய்ஸாக்" என்று சொல்லிவிட்டு அமைதியாகிவிட்டாள். சொந்த ஊருக்கு யார் ஓட்டுப் போட மாட்டார்கள்? அதனால் அதை யாரும் சீரியஸாக எடுத்துக்கொள்ளவில்லை.

மும்பைதான் முதலில் வந்தது. அங்கே அரை மாரத்தான்காரர்களைப் பாந்த்ரா - ஒர்லி கடல் பாலத்தின் மேல் ஓட விடுவார்கள். மற்ற நாளில் அந்தப் பாலத்தில் நடந்து போகவும் முடியாது, டூ வீலரும் போகக் கூடாது. கடலுக்கு மேலேயே ஓடுவது... நினைத்தாலே ஜிவ்வென்று இருந்தது. ஆனால் அது ஜனவரி மூணாவது ஞாயிறு. பொங்கலை ஒட்டியே வரும். "கரும்பை விட்டுட்டு வடாபாவ் சாப்பிடப் போறியா?" என்று நிதியமைச்சர் கேட்டாள். அவளுக்குக் கரும்பு மேல் அக்கறை இல்லை, ரயில் டிக்கெட் மேல்தான்.

கோவாவில் டிசம்பரில் ஒன்று உண்டு. பேரே 'ரிவர் மாரத்தான்'. ஜுவாரி ஆற்றங்கரையில் ஓடுவது. அழகுதான், சந்தேகமே இல்லை. ஆனால் கோவா என்ற வார்த்தையைக் கேட்டதும் எங்கள் நாலு வீட்டிலும் என்ன நடக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன். கொச்சி? பாலத்துக்குப் பாலம் காயல் தெரியும். ஆனால் அந்தப் புழுக்கத்தை நினைத்ததும் மேப் மகாராணிக்கே வேர்த்துவிட்டது.

பக்கத்திலேயே ஆரோவில் இருக்கிறதே என்பீர்கள். பிப்ரவரியில் நடக்கும். செம்மண் பாதை, மரங்கள், முந்திரிக் காடு. பரிசு கிடையாது, போட்டியே கிடையாது, யாரை யார் முந்தினார்கள் என்ற கேள்வியே இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். ஆனால் கடல் தெரியாது. கூப்பிடு தூரத்தில் வங்காள விரிகுடாவை வைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்து ஓடுவதா? தள்ளுபடி.

கடைசியில் நம்ம சென்னை. ஜனவரியில் நடக்கும். டிக்கெட் செலவு இல்லை, ரூம் செலவு இல்லை. நிதியமைச்சர் கைதட்டியே விட்டாள். மெரினா பக்கத்து ரோடு மேஜை மாதிரி சமதளம் வேறு. முதல் தடவை ஓடுகிறவர்களுக்கு அதுதான் சொர்க்கம். ஏற்ற இறக்கம் காட்டுகிற கோடு படுத்தே கிடக்கும். "இதைவிட என்னடி வேணும்?" என்றாள். மூணுக்கு ஒண்ணு என்று சென்னை ஜெயித்துவிட்டது.

நடுவில் ஒரு விஷயம். கடலோரம் ஓடினால் ஜில்லென்று கடல் காற்று வாங்கலாம் என்றுதான் நான் உள்பட எல்லோரும் நினைக்கிறோம். விடியற்காலையில் அது நடக்காது. ராத்திரியில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும், கடல் குளிராது. அதனால் விடியும் நேரத்தில் காற்று கரையிலிருந்து கடலுக்குத்தான் போகும். வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் கடல் காற்று உள்ளே வரும். அதற்குள் நாம் ஓடி முடித்திருப்போம், அல்லது விழுந்திருப்போம். காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வேர்வை காயாது. வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஆகவே கடற்கரை ரேஸில் வேகத்தைப் பத்தி வீட்டிலேயே மறந்துவிட வேண்டும். பெரும்பாலான இடங்களில் மூணு, மூணரை மணி நேரம் தருகிறார்கள். அது தாராளம்.

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அம்மா சொன்னது. "விடியக்காலம் கரையிலேர்ந்துதான் காத்து அடிக்கும் பாப்பா. அந்தக் காத்தைப் புடிச்சுத்தான் உங்க தாத்தா கட்டுமரத்துல போவாரு."

இப்போது அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊர் நாகப்பட்டினம் பக்கம் ஒரு மீனவ கிராமம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு வயசு ஆறு மாசம். சுனாமியில் எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். தமிழ்நாட்டில் இவ்வளவு இழப்பு வேறு எங்கும் இல்லை. அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடியது. அம்மாச்சியின் கையையும் பிடித்துக்கொண்டுதான் ஓடியது. ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது நாங்கள் ரெண்டு பேர்தான் இருந்தோம். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதற்கு மேல் அம்மா சொன்னதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை.

அதற்கப்புறம் உள்ளே தள்ளி சுனாமி குடியிருப்பில் வீடு கிடைத்தது. அம்மா இன்றைக்கும் மீன்தான் விற்கிறது. ஆனால் ஏலம் எடுக்கக் கரைக்குப் போகாது. பக்கத்து வீட்டு அத்தை எடுத்து வந்து கொடுக்கும். அதில் கூடைக்குக் கொஞ்சம் லாபம் போகிறது. போகட்டும் என்று விட்டுவிடும். என்னையும் கரைப் பக்கம் விட்டதில்லை. கடல்காரக் குடும்பத்தில் பிறந்து, நான் கடலை நின்று நிதானமாகப் பார்த்தது சென்னைக்குப் படிக்க வந்த பிறகு, மெரினாவில், பதினெட்டு வயசில்! பஜ்ஜி ஆறிப்போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தச் செய்தி இன்னமும் வீட்டுக்குப் போகவில்லை.

அதனால்தான் எனக்குக் கடல். மற்ற மூணு பேருக்கும் அது சீனரி.

போன் பண்ணினேன். அரை மாரத்தான் என்றால் என்ன என்று புரிய வைக்கணுமே. "நாகூர் தர்காவுல ஆரம்பிச்சு வேளாங்கண்ணி வரைக்கும் போனா எவ்வளவு தூரமோ, கிட்டத்தட்ட அவ்வளவும்மா. இன்னும் கொஞ்சம் கூட."

"அதை நான் நடந்தே போயிருக்கேனே. ஒனக்குக் காய்ச்சல் வந்தப்போ மாதாவுக்கு வேண்டிக்கிட்டு. அதுக்குப் போய் எதுக்குக் காசு கட்டுறீங்க?"

நியாயமான கேள்வி. பதில் இல்லாததால் அடுத்த விஷயத்துக்குத் தாவினேன். மெரினா பக்கத்து ரோடு என்றதும் லைனில் சத்தமே இல்லை. கட் ஆகிவிட்டதோ என்று பார்த்தேன், ஆகவில்லை.

அப்புறம் ஒரே ஒரு கேள்வி. "ரோடு தண்ணிக்கு மேல எவ்வளவு ஒசரம்?"

வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். உயரம் எவ்வளவு என்று கேட்டால் என்ன செய்வது? நானே ஏற்ற இறக்கக் கோட்டைத் திறந்து பார்த்தேன். படுத்தே கிடந்தது. எங்களைக் குஷிப்படுத்திய அதே கோடு.

"ரொம்ப இல்லம்மா" என்றேன். பொய் சொல்லி ஓடலாம். ஆனால் ரெண்டரை மணி நேரம் அந்தப் பொய்யையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஓடணும். நம்மால் முடியாது சாமி.

ராத்திரி மொட்டை மாடியில் கூட்டம் கூடியது. எல்லாவற்றையும் சொன்னேன். ஹாஸ்டலில் மூணு வருஷமாக ஒரே தட்டில் சாப்பிட்டும் இதை அவர்களிடம் சொன்னது அன்றைக்குத்தான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் விசாகப்பட்டினத்துக்காரி தொண்டையைக் கனைத்தாள்.

"எங்க ஊரு பீச் ரோடு மேடு."

மேப் மகாராணி உடனே மொபைலை எடுத்தாள். விசாகப்பட்டினத்தில் வருஷக் கடைசி வாக்கில் கடற்படை மாரத்தான் நடக்கும். ஆர்.கே. பீச்சில் ஆரம்பம். அங்கேயே கரையில் ஒரு நிஜ நீர்மூழ்கிக் கப்பல் உட்கார்ந்திருக்கும், ஐ.என்.எஸ். குர்சுரா. 2001-ல் கடற்படையிலிருந்து ஓய்வு கொடுத்து, அடுத்த வருஷமே மியூசியமாக்கிவிட்டார்கள். அங்கிருந்து வடக்கே போகப் போக ரோடு கைலாசகிரி மலையின் இடுப்பைச் சுற்றி ஏறும். இடது பக்கம் மலை, வலது பக்கம் கீழே கடல். தென்னேட்டி பார்க்கில் நின்றால் தண்ணீருக்குப் படி இறங்கித்தான் போகணும். கிழக்குக் கடற்கரை என்பதால் சூரியன் கடலிலிருந்துதான் எழும்பி வரும். மும்பையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, அங்கே சூரியன் கட்டடத்துக்குப் பின்னாலிருந்துதான் எட்டிப் பார்க்கும்.

கோட்டைப் பார்த்தோம். பல் வரிசை மாதிரி ஏறி இறங்கியது. "முதல் ரேஸே மலையா? முட்டி கழண்டுடும்டி!" என்று மேப் மகாராணி முனகினாள். நிதியமைச்சர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் ஏ.டி.எம். வாசலில் நின்றாள். பூரி நாளுக்கு இணையான அதிசயம்!

அம்மாவுக்கு போட்டோ அனுப்பினேன், ரோடும் கடலும் ஒரே ஃப்ரேமில். அதை மாமாவிடம் காட்டியிருக்கிறது. மாமா சும்மா இருப்பாரா? "அங்கதானே 2014-ல ஹூட்ஹூட் புயல் அடிச்சு ஊரையே பொரட்டிப் போட்டுச்சு?" என்று கொளுத்திப் போட்டுவிட்டார். புயல் நாலு நாள் முன்னாடியே சொல்லிவிட்டு வரும் மாமா என்று சமாளித்தேன். சுனாமிக்கும் 2007-லிருந்து ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் இருக்கிறது, கடலுக்கடியில் பூமி ஆடினால் சில நிமிஷத்தில் தகவல் வந்துவிடும் என்பதையும் அம்மாவுக்கு விளக்கினேன்.

"அன்னிக்கு அது இருந்துச்சா?"

"இல்லம்மா."

"சரி."

அந்த 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று தெரியாமலே பயிற்சியை ஆரம்பித்தோம். சமதளத்தில் சுற்றுவதை நிறுத்திவிட்டு, மேட்டுக்காகப் பறக்கும் ரயில் ஸ்டேஷன் படிக்கட்டைப் பிடித்தோம். ஞாயிற்றுக்கிழமை தூரம் எட்டில் ஆரம்பித்துப் பதினாலுக்கு வந்திருக்கிறது. பதினெட்டைத் தொட்டுவிட்டால் மீதி மூணை ஆசையே இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது விசாகப்பட்டினத்துக்காரியின் தியரி. பார்க்கலாம்.

போன வாரம் ரிஜிஸ்ட்ரேஷன் படிவம் நிரப்பினோம். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு கட்டம். அம்மா நம்பரைப் போட்டேன். போட்டதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.

"நீ எந்த எடத்துல ஓடுறப்போ கடல் ரொம்பக் கிட்ட இருக்கும்?" என்று கேட்டது.

ஆர்.கே. பீச் என்றேன்.

"ரொம்ப மேடு எது?"

தென்னேட்டி பார்க்.

"அப்ப நான் அங்க நிக்கிறேன். படியெல்லாம் எறங்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். கூட்டிட்டுப் போறதா இருந்தா டிக்கெட்டைப் போடு."

ஹவுரா மெயிலில் நாலு பேருக்கு ஏற்கெனவே கன்ஃபர்ம் ஆகியிருந்தது. அஞ்சாவது டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட் பதினேழு. கன்ஃபர்ம் ஆகாவிட்டால் என் பெர்த்தை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு நான் அன்ரிசர்வ்டில் வருகிறேன் என்றேன். ரேஸுக்கு முந்தின ராத்திரியே பதிமூணு மணி நேரம் நின்றுகொண்டு வந்தால் ஓடின மாதிரிதான் என்று மேப் மகாராணி திட்டினாள். ஒரு நாள் முன்னாடியே கிளம்பலாமா என்று நிதியமைச்சர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். வெயிட்டிங் லிஸ்ட் இன்று காலையில் பதினொண்ணு.