துடிப்பைப் படிக்கும் வைத்தியர்

என் சாச்சிக்குத் திடீரென்று நெஞ்சு படபடக்கும். நாடியைப் பிடித்து எண்ணவே முடியாது; அவ்வளவு வேகம். கொஞ்ச நேரத்தில் தானாகவே அடங்கிவிடும். வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்து ஈ.சி.ஜி. எடுத்தால் அதில் ஒன்றும் தெரியாது. "யோசனை கூடிப் போச்சு" என்றுதான் பலரும் சொன்னார்கள். கடைசியில் இதய மின்னியல் நிபுணர் ஒருவரே அது பயமல்ல, மின்கோளாறு என்று கண்டறிந்தார்.

இதயத்துக்குள் மின்சாரமா? ஆம். உயர்தர உயிரியலில் நாங்கள் படிக்கும் குடாச்சோணைக் கணுவில்தான் ஒவ்வொரு துடிப்பும் தொடங்குகிறது. 1907இல் கீத், பிளக் என்ற இருவர் அதை விபரித்தார்கள். இந்த மின்னலைகளைப் பதியும் ஈ.சி.ஜி. முறைக்காக ஐந்தோவன் 1924இல் நோபல் பரிசு பெற்றார். சோணையறைக்கும் இதயவறைக்கும் இடையிலும் ஒரு கணு உண்டு. சாச்சிக்கு அந்தக் கணுவோடு ஒட்டி மேலதிகமாக ஒரு பாதை இருந்தது. மின்னலை அதில் நுழைந்து வட்டமடிக்கும்போதெல்லாம் படபடப்பு வந்தது.

இதற்குச் சிகிச்சை உண்டு. தொடை நாளத்தினூடாக மெல்லிய கம்பிகளை இதயம் வரை செலுத்துவார்கள். படபடப்பை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்ப்பார்கள். பாதை அகப்பட்டதும் கம்பி நுனியின் சூட்டால் அதைச் செயலிழக்கச் செய்வார்கள். சில மில்லிமீற்றர் தவறினாலும் கணு சேதமாகி, ஆயுள் முழுக்க பேஸ்மேக்கர் தேவைப்படலாம்.

அதனால்தான் இந்தப் படிப்பு இவ்வளவு நீளம். எம்.பி.பி.எஸ். 5 வருடம், உள்ளகப் பயிற்சி 1 வருடம். பிறகு பொது மருத்துவத்தில் எம்.டி., அதன்பின் இதயவியல். அதையும் முடித்த பின்னரே மின்னியல்.

"பொம்புளப் புள்ளைக்கு இத்தன வருசமா?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். சாச்சி அந்தச் சிகிச்சையை மாதக் கணக்கில் தள்ளிப்போட்டார். நோய்க்குப் பயந்தல்ல, ஆண் வைத்தியர் என்ற கூச்சத்தால். பெண் வைத்தியர் ஒருவர் இருந்திருந்தால் முதல் நாளே சம்மதித்திருப்பேன் என்று உம்மாவிடம் சொன்னார். எங்கள் பெண்களுக்குப் பெண் வைத்தியர் வேண்டுமென்றால், யாரோ ஒரு வீட்டு மகள் அத்தனை வருடமும் படித்தே ஆக வேண்டும்.

அந்த மகள் நானாக இருக்கலாம், என் வகுப்புத் தோழியாகவும் இருக்கலாம். இன்ஷா அல்லாஹ், வீட்டில் விடுவார்கள் என்று நம்புகிறோம்.