கடலுக்கும் ஒரு பங்கு

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. 2019ஆம் ஆண்டில் தனி மாவட்டமாகிய கள்ளக்குறிச்சியின் மேற்கே அது நீண்டு கிடக்கின்றது. மழைக்காலத்தில் அதன் சரிவுகளில் மேகம் அருவியும் பெரியார் அருவியும் ஆர்ப்பரித்து வீழும். பாறை இடுக்குகளில் ஊற்றுகள் சுரக்கும். மலைநீர் ஓடைகளாய்த் திரண்டு கோமுகி, மணிமுத்தாறு என்னும் ஆறுகளாகின்றது. கோமுகி கள்ளக்குறிச்சி வழியாகச் சென்று மணிமுத்தாற்றோடு சேர்கின்றது. மணிமுத்தாறு விருத்தாசலத்தைக் கடந்து வெள்ளாற்றில் கலக்கின்றது. வெள்ளாறு பரங்கிப்பேட்டைக்கு அருகே வங்கக் கடலை அடைகின்றது.

வெள்ளம் பெருகிக் கடலிற் பாய்வதைக் காண்போர், "இவ்வளவு நீரும் வீணாகின்றதே!" என்று வருந்துவர். நீரின்றி வாடும் பயிரைக் கண்ட உழவர் வேறு எவ்வாறு எண்ணுவர்? அவ்வருத்தம் இயல்பே. ஆயினும், கடலை அடையும் நீர் அனைத்தும் வீண் என்று கொள்வது பொருந்துமா?

ஆறு நீரை மட்டும் கொண்டு செல்வதில்லை. மலைக்காட்டில் உதிர்ந்து மட்கிய இலைகளின் சத்தையும் வண்டல் மண்ணையும் சுமந்து செல்கின்றது. நன்னீரும் உவர்நீரும் கலக்கும் கழிமுகத்தில், அச்சத்தை உண்டு நுண்ணிய பாசிகள் செழிக்கின்றன. பாசிகளைச் சிற்றுயிர்கள் உண்ண, அவற்றை மீன்குஞ்சுகள் உண்டு வளர்கின்றன. இறால் கடலில் முட்டையிடும்; அதன் குஞ்சுகள் கழிமுகத்தின் அமைதியான நீரை நாடி வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குச் செல்லும். விலாங்கு மீனோ கடலிற் பிறந்து, ஆற்றில் ஏறி வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்பும். பரங்கிப்பேட்டையில் வலை வீசும் பரதவர் கல்வராயன் மலையைக் கண்டிராமல் இருக்கலாம். எனினும், அவர்தம் வலையில் அகப்படும் மீனுக்கு அம்மலையும் உணவளித்திருக்கின்றது.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பிச்சாவரத்தின் அலையாத்திக் காடு உள்ளது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, அது தன் பின்னிருந்த சிற்றூர்களுக்கு அரணாக நின்று அலையின் வேகத்தைத் தணித்தது. உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022ஆம் ஆண்டில் அது இடம்பெற்றது. இக்காட்டிற்கும் நன்னீர் வேண்டும். ஆற்றுநீர் குறைந்தால் உப்பு மிகும். உப்பு மிகுந்தால் மரங்கள் குன்றும்.

இவ்வாறு மலையையும் கடலையும் இணைக்கும் வழி நெடுகிலும் இன்று இடர்கள் நேர்கின்றன. மலையில் மரங்களை வெட்டினால், மழை மண்ணை அரித்து அணைகளில் நிரப்பும். ஊற்றுகளும் விரைவில் வற்றும். ஆற்று மணலை அளவின்றி அள்ளினால், நிலத்தடி நீர் தாழும். கடலோரத்தில் உவர்நீர் உள்ளே புகும். வயலில் மிகையாக இட்ட உரம் நீரிற் கலந்தால், பாசி வரம்பின்றிப் பெருகி அழுகும். அப்போது நீரிலுள்ள பிராணவாயு குறைந்து மீன்கள் மடியும். அளவாக இருந்தபோது உணவாகிய சத்து, அளவு மிஞ்சியபோது நஞ்சாகின்றது. ஊர்க்கழிவும் பிளாஸ்டிக் குப்பையும் வெள்ளத்தோடு சென்று கடலில் சேர்கின்றன. மலையடிவாரத்தில் ஒருவர் செய்யும் பிழைக்கு, அவரை அறியாத ஒருவர் கடற்கரையில் வருந்த நேர்கின்றது.

அணைகள் வேண்டா என்பது இதன் பொருளன்று. கோமுகி அணையும் மணிமுக்தா அணையும் இல்லையேல் பல வயல்கள் தரிசாகும். தேக்குவதிலும் ஓர் அளவு வேண்டும் என்பதே கருத்து. மலையில் மரங்களைக் காத்தல், ஏரிகளைத் தூர்வாருதல், உரத்தை அளவறிந்து இடுதல், கழிவை ஆற்றில் விடாதிருத்தல் ஆகியவை ஒவ்வோர் ஊராராலும் இயலும் செயல்கள். அவற்றைச் செய்தால் உழவருக்கும் நீர் கிடைக்கும்; ஆற்றுக்கும் நீர் எஞ்சும். அவ்வாறு எஞ்சிய நீர் கடலை அடைவது இழப்பன்று. அது பரதவரின் விளைநிலத்திற்குப் பாயும் நீர்.